உன் தொட்டித் தண்ணியும் உன் அப்பாவும்

சின்னவனுக்கு,

அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், அக்கா வீட்லயும் எல்லாரும் சுகம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து தெம்பா இருப்பேன்னு நினைச்சுக்கறேன். நினைச்சுக்கறேன்னுதான் எழுத முடியுது, ஏன்னா போன்ல நீ எப்படிடா இருக்கேன்னு நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள மீன் தொட்டி இப்ப எத்தனை டிகிரிம்மான்னு நீ கேட்டுடறே. எத்தனை டிகிரின்னு உன் போன்லயே தெரியுது, அதைப் பார்த்துப் பதறித்தான் கூப்பிடறே, அப்புறம் என்னை எதுக்குக் கேக்கறேன்னு எனக்கு இன்னும் புரியலை. அதான் கடிதமாவே எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். இதுல நீ குறுக்கே பேச முடியாது பாரு. கொஞ்சம் கோபமாத்தான் எழுதப்போறேன், முழுசாப் படி, தொட்டின்னு வர்ற இடத்தை மட்டும் தேடிப் படிச்சுட்டு மடிச்சு வச்சிடாதே.

முதல்ல வீட்டுச் சேதி. அக்காவை வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டாங்க, ரெண்டு பஸ் ஏறிப் போறா, வந்ததும் செருப்பைக் கூடக் கழட்டாம சோபாவில விழறா, இருந்தாலும் பழைய தலைமையாசிரியை தொல்லை விட்டுதுன்னு முகம் தெளிஞ்சிருக்கு. மாப்பிள்ளைக்கு முதுகு பிடிச்சுக்கிட்டு, தரையில படுக்கச் சொல்லியிருக்காங்க, படுக்கறாராம், எழுந்திருக்கத்தான் ஆள் வேணுமாம். மேல்வீட்டு வக்கீல் இந்த வயசுல ட்ரம் கத்துக்கறார், லீவு நாள்ல நம்ம தலைமேலதான் அத்தனையும். எதிர்த்தாப்ல பழைய கிடங்கு இருந்துதே, அதை இடிச்சுட்டுப் பல் ஆஸ்பத்திரி கட்டியிருக்காங்க, மேலேயிருந்து கீழே வரைக்கும் கண்ணாடி, தெருவுல போறவங்க எல்லாம் அதுல தலை சீவிக்கிட்டுப் போறாங்க. எனக்கு வேலை நிறைய இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸுங்களுக்கெல்லாம் சீருடை தைக்கற வேலை வந்திருக்கு, அத்தனையும் வெள்ளை, முன்னறையில கால் வைக்க இடமில்லை, இஸ்திரிப் பெட்டி ஓய்வே இல்லாம சூடாத்தான் இருக்கு. அதையும் நீ விட்டு வைக்கலை. தொட்டி பக்கத்துல இஸ்திரி போடாதேம்மா, பின்னறைக்கு எடுத்துட்டுப் போயேன்னு என்னமோ ஒரு நாற்காலியை நகர்த்தச் சொல்ற மாதிரி சொன்னே. பின்னறைக்கு ஜன்னல் கிடையாதுங்கறது உனக்கு மறந்துபோச்சா? ட்யூப்லைட் வெளிச்சத்துல வெள்ளைத் துணியில வெள்ளை நூல் ஓட்டச் சொல்றியா? அந்த இஸ்திரிப் பெட்டிதான்டா உன்னைப் படிக்க வச்சதுன்னு சொல்ல வாய் வந்தது, சினிமா வசனம் பேசாதேன்னு நீ சிரிப்பேன்னு அடக்கிக்கிட்டேன்.

சரி, தொட்டிக்கே வரேன். நீ இங்கே இருந்தவரைக்கும் அந்த உப்புத்தண்ணி சமர்த்தா இருந்தது. இப்ப பகல்ல அடுப்புக்குள்ள உட்கார்ந்த மாதிரி வெயில், பொழுது சாய்ஞ்சா போர்வை தேட வைக்கற குளிர், ரெண்டும் ஒரே நாள்ல. காலையில நான் பார்க்கறப்ப இருபத்தஞ்சுல இருக்கும், மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு நான் மறுபடி மெஷின்ல உட்கார்ற நேரத்துக்கு இருபத்தொன்பதைத் தாண்டிடும், விடியறதுக்குள்ள திரும்பவும் இறங்கிடும். ஒரு டிகிரி கூட இருந்தாலும் குறைஞ்சாலும் உள்ளே வளர்ற பவளம் பொறுத்துக்கும்மா, தினம் இப்படி ஏறி ஏறி இறங்கினாத்தான் அதுக்குத் தாங்காதுன்னு நீ எனக்குப் பாடம் எடுத்தே. எடுத்தது சரிதான், எனக்கும் புரிஞ்சுது. ஆனா அது இருபத்தெட்டரையைத் தொட்டதும் உன் போன்ல மணி அடிக்குமாம், உடனே நீ இங்கே அடிப்பே. வாய் நிறைய குண்டூசியை வச்சுக்கிட்டு ஒரு நர்ஸம்மாவுக்கு இடுப்பளவு பிடிச்சுக்கிட்டு இருக்கேன், போன் அடிக்குது. குளிச்சுட்டுத் தலை துவட்டறேன், அடிக்குது. ஒரு தடவை அந்த நர்ஸம்மாவே போனை எடுத்து என் காதுல வச்சாங்க, அம்மா இருபத்தொன்பது ஆச்சுன்னு நீ கத்தினது அவங்களுக்கும் கேட்டுடுச்சு. யாருக்கும்மா காய்ச்சல்னு கேட்டாங்க. மீனுக்குன்னு சொல்ல எனக்கு எப்படி இருந்திருக்கும்!

அப்பா அந்தச் சூட்டை இறக்கறதுக்குப் பட்ட பாடு கொஞ்சமில்லை. மீன் கடைக்காரர்கிட்டப் போய்க் கேட்டார். அவர் சில்லர் வாங்குங்க, தண்ணியைக் குளுகுளுன்னு வச்சுக்கும்னு ஒரே பல்லவியைப் பாடியிருக்கார். தண்ணியில இருந்து எடுக்கற சூட்டை அது எங்கே கொண்டுபோய் விடும்னு இவர் கேட்டிருக்கார், அறையிலதான் விடும்னு அவர் சொல்ல, அப்ப அறைக்கு வேற ஒரு சில்லர் உங்ககிட்டயே வாங்கணுமான்னு கேட்டுட்டு வந்துட்டார். வந்தவர் பரண்ல இருந்த பழைய சாமானை எல்லாம் இறக்கி, லிஃப்ட் கம்பெனியில இருந்து ஓய்வாகி வந்தப்ப கொண்டாந்த சின்னச் சின்ன விசிறிங்க ரெண்டைத் தேடி எடுத்து, ஒரு அலுமினியப் பட்டையில பூட்டித் தண்ணிமேல காத்து படற மாதிரி சாய்ச்சு வச்சார். நல்லா வேலை செஞ்சுது, நான் பொய் சொல்லலை, ஒரு மணி நேரத்துல ஒரு டிகிரி இறங்கிடுச்சு. காத்துல தண்ணி வத்துதே, உப்பு ஏறிடுமேன்னு நல்ல தண்ணியை அளந்து அளந்து அவரே ஊத்துவார். அதுக்கு நீ என்ன சொன்னே? அது ஆபத்துப்பா, விசிறி உள்ளே விழுந்தா எல்லாம் போச்சு, என் போனுக்குக் கட்டுப்படற மாதிரி சுவத்துல மாட்டி வச்சிருக்கேனே, அந்தப் பெட்டியில சொருகுங்க, நான் இங்கிருந்தே போட்டு அணைச்சுக்கறேன், கையால எதையும் அமுத்தாதீங்க, ஆப்புல இருக்கறது குழம்பிடும்னு சொன்னே. வாழ்நாள் முழுக்க லிஃப்ட்டைப் பிரிச்சுப் பூட்டின மனுஷன், விசிறி விழாம மாட்டத் தெரியாதா? இருந்தும் சரிப்பான்னு சொல்லி ரெண்டு வயரையும் உன் பெட்டியில சொருகினார். ஹீட்டரும் அதுலதான், விசிறியும் அதுலதான், விளக்கும் அதுலதான். கடல் தாண்டி உட்கார்ந்துக்கிட்டு நீ அமுத்தறே, இங்கே எங்க முன்னறையில டிக்டிக்குன்னு சத்தம் கேக்குது. விருந்தாளி யாராவது இருந்தா வீட்டுக்குள்ள என்னமோ நடமாடுதுன்னு பயந்துடுவாங்க.

இப்பத்தான் நான் சொல்ல வந்த விஷயம். அந்தப் பெரிய பவளம், காத்துல ஆடற மாதிரி நுனியெல்லாம் தடிச்சுத் தடிச்சு, நான் காலிஃப்ளவர்னு கூப்பிடுவேனே, அது பாதி செத்துப்போச்சில்லையா, அது யாரால செத்துப்போச்சுன்னு நீ நினைச்சுக்கிட்டிருக்கே? அப்பாதான் ஹீட்டரை அணைச்சுட்டார்னு. அன்னிக்கு மத்தியானம் அப்பா முழங்காலுக்கு மருந்து வாங்கப் போயிருந்தார், வீட்ல நான் மட்டும்தான். வெயில் நெருப்பு மாதிரி. டிக்குன்னு ஒரு சத்தம், திரும்பிப் பார்த்தா ஹீட்டருக்குன்னு இருக்கற அந்த நீல விளக்கு அணைஞ்சிருக்கு, அடுத்த நிமிஷம் உன் போன். அம்மா முப்பதைத் தொடப்போகுது, ஹீட்டர் எங்கேயாவது சிக்கி ஓடிக்கிட்டே இருக்கோன்னு சந்தேகமா இருக்கு, அதை நான் அடியோட அணைச்சுட்டேன், விசிறியை மட்டும் ஓட விட்டிருக்கேன், அப்புறமா நானே போட்டுக்கறேன், நீங்க ரெண்டு பேரும் கை வைக்காதீங்கன்னு சொன்னே. உன் வாயாலதான் சொன்னே, என் காதாலதான் கேட்டேன். அதுக்கப்புறம் நீ வேலைக்குப் போயிட்டே. உங்க கம்பெனியில போனை அலமாரியில பூட்டி வச்சுட்டுத்தான் உள்ளே விடுவாங்கன்னு நீயே சொல்லியிருக்கே. இங்கே சாயங்காலம் திடீர்னு மேகம் கூடி ஒரு மழை, அப்படியொரு மழை, தெருவெல்லாம் தண்ணி, வீடு சில்லுன்னு ஆயிடுச்சு. படுக்கப் போறதுக்கு முன்னாடி அப்பா தொட்டிகிட்ட நின்னு, நீல விளக்கு எரியலையே, விசிறி ஓடுதேன்னு என்கிட்டக் கேட்டார். மத்தியானம் நீ சொன்னதைச் சொன்னேன். அப்ப அவன் பார்த்துப்பான், நாம அமுத்தினா அவனுக்குக் குழம்பிடும், அதைத்தானே திரும்பத் திரும்பச் சொல்றான்னு விட்டுட்டுப் போய்ப் படுத்தார். நீ தொடாதேன்னு சொன்னதைக் கேட்டதுதான்டா அவர் செஞ்ச ஒரே தப்பு.

விடிஞ்சு பார்த்தா இருபத்தொண்ணு. மழைக்குளிர் ஒரு பக்கம், தண்ணிமேல விடாம ஓடற விசிறி ஒரு பக்கம். கோமாளி மீன் ரெண்டும் அடியில ஒரு மூலையில ஒட்டிக்கிட்டு வாயைத் திறந்து திறந்து மூடுது, காலிஃப்ளவர் சுருங்கிக் கல்லோட கல்லாப் போயிருக்கு, சளி மாதிரி என்னமோ அதுல இருந்து வடியுது. சிவப்புக் கோடு போட்ட அந்த இறால் மல்லாந்து கிடக்குது. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அப்பாதான் பதறாம விசிறியை நிறுத்தி, ஹீட்டரை உன் பெட்டியில இருந்து பிடுங்கி நேரா சுவத்துல சொருகி, கொஞ்ச நேரம் போட்டு கொஞ்ச நேரம் அணைச்சு, சட்டுனு சூடானா மீதியும் செத்துடும்னு தெர்மாமீட்டரைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துட்டார். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கலை. நான் ஊட்டாத குறையாத்தான் சாப்பாடு கொடுத்தேன். நடுவுல நான் தைச்ச சீருடையைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், போனேன். அந்த நேரம் பார்த்துத்தான் நீ வீடியோவில கூப்பிட்டிருக்கே. அக்காவும் மாப்பிள்ளையும் வந்திருந்தாங்க, அவங்க ரெண்டு பேர் முன்னாடி, அப்பா முகத்துக்கு நேரா, ஹீட்டரை எதுக்குப் பிடுங்கினீங்க, உங்களுக்குப் புரியாத விஷயத்துல எதுக்குக் கை வைக்கறீங்க, நாலு வருஷமா வளர்த்ததை ஒரு ராத்திரியில கொன்னுட்டீங்களேன்னு கேட்டிருக்கே. அக்காதான் எனக்குச் சொன்னா. அப்பா என்ன பதில் சொன்னார் தெரியுமா? சரிப்பான்னு மட்டும் சொன்னாராம். சொல்லிட்டுத் தெர்மாமீட்டரைத் துடைச்சுக்கிட்டே இருந்தாராம்.

நான் திரும்பி வந்து விஷயம் கேட்டதும் உனக்குப் போன் போட எடுத்தேன். அவர் என் கையைப் பிடிச்சுட்டார். சொல்லாதே, தானே அணைச்சுட்டு மறந்துட்டோம்னு தெரிஞ்சா அங்கே ஒண்டியா உட்கார்ந்து அதையே நினைச்சுக்கிட்டு இருப்பான், சோறு இறங்காது அவனுக்கு, என்மேல கோபப்பட்டா ரெண்டு நாள்ல ஆறிடும், அவன்மேலயே கோபம் வந்தா யார் இருக்கா ஆத்தறதுக்குன்னார். அவர் சொன்னதுக்காக இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இனிமே முடியாது. உனக்குச் சோறு இறங்காமப் போனா போகட்டும், ஒரு நாள் பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆயிடாது. இங்கே அவர் இருந்த கோலத்தைப் பார்த்தது நான்தானே. விசிறியைக் கழட்டித் துணியில சுத்திப் பரண்ல வச்சார், ஸ்க்ரூ டிரைவர் டப்பாவையும் வச்சார். முன்னறைப் பக்கமே வர்றதில்லை. காலையில எழுந்ததும் அந்த மீனுங்ககிட்ட நின்னு என்னமோ பேசிட்டுத்தான் பல் தேய்ப்பார், உனக்குத் தெரியாது அது. அதை நிறுத்திட்டார். சமையலறையில ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து ஒரே பேப்பரை முன்னும் பின்னும் படிக்கறது, கடைக்குப் போறதா இருந்தாலும் பின்வாசல் வழியா மழைத்தண்ணியில மிதிச்சுக்கிட்டுப் போறது. ஏங்க முன்வாசல் இல்லையான்னு கேட்டா, இது கிட்டக்கங்கறார். கிட்டக்கவாம்! தெருவையே சுத்திக்கிட்டுப் போகணும்.

தொட்டி என் தலையில வந்து விழுந்துது. துணியைப் பார்க்கறதா தொட்டியைப் பார்க்கறதா? அக்காதான் பரண்ல இருந்து விசிறியை எடுத்து மாட்டி, ஹீட்டரையும் திரும்ப உன் பெட்டியிலயே சொருகிக் கொடுத்தா. உன் பெட்டி என்னமோ பண்ணுது, ஹீட்டர் நின்ன மறுநொடி விசிறி கிளம்புது, விசிறி நின்னதும் ஹீட்டர் கிளம்புது, ஒண்ணோட ஒண்ணு குடுமிப்பிடிச் சண்டை. அப்படியும் மத்தியானமானா ஏறுது. எனக்கு ஒரு சந்தேகம். இதைவிட மோசமான வெயிலை எல்லாம் இந்த வீடு பார்த்திருக்கே, அப்பெல்லாம் ஏறாதது இப்ப ஏன் ஏறணும்? ஒரு நாள் ஒரு சீருடையோட முதுகுப் பக்கத்தைப் பலகையில விரிச்சு இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கேன், வெள்ளைத் துணிமேல பளீர்னு ஒரு பட்டை வெளிச்சம். நம்ம ஜன்னல்ல மத்தியானத்துக்கு மேல வெயிலே வராதே, சூரியன் வீட்டுக்குப் பின்னாடி போயிடுமே, இது எங்கிருந்து வருதுன்னு பார்த்தா, எதிர்த்த பல் ஆஸ்பத்திரிக் கண்ணாடியில பட்டு இங்கே வருது. பார்த்துக்கிட்டே இருக்கேன், பட்டை நகர்ந்து நகர்ந்து துணியை விட்டு இறங்கி, நாற்காலி ஏறி, நேராத் தொட்டியோட பக்கக் கண்ணாடியில போய் நின்னுது. கையை வச்சேன், கண்ணாடி சுடுது. அங்கிருந்தே கத்தினேன், ஏங்க இங்கே வாங்கன்னு. வரலை. தொட்டியில சூடு எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுட்டேன், உங்களுக்கு வேண்டாம்னா விடுங்கன்னு சொன்னேன். அப்புறம் நாற்காலி இழுக்கற சத்தம் கேட்டுது.

வந்து பார்த்தார், ஜன்னலுக்குப் போனார், தெருவைத் தாண்டி அந்தக் கண்ணாடியைப் பார்த்தார், திரும்பி வந்து தொட்டியைத் தொட்டார், ஏம்மா இது வரைக்கும் எனக்குத் தோணலையேன்னார். தோணாதது என்ன அதிசயம், கட்டடமே புதுசு. அன்னிக்கே நான் ரெண்டு மடிப்பா உள்துணி வச்சு, வெளிப்பக்கம் வெள்ளையா ஒரு திரை தைச்சேன், அவர் கம்பி அடிச்சு மாட்டினார். தொட்டிக்குக் கீழே இருக்கற அலமாரிக் கதவைக் கழட்டிட்டார், மோட்டார் சூடெல்லாம் அதுக்குள்ளயே அடைஞ்சு கிடந்திருக்கு. இஸ்திரியை நானா விடியற்காலைக்கு மாத்திக்கிட்டேன், நீ சொன்னதுக்காக இல்லை, மத்தியான வெயில்ல எனக்கே முடியலை. அப்புறம் உன் பெட்டியோட பொத்தானைப் பார்த்துப் பார்த்து அமுத்தி ஒரு காரியம் பண்ணினார். விளக்கை மத்தியானத்துக்குப் பதிலா சாயங்காலம் எரியற மாதிரி தள்ளினார், விளக்குச் சூடும் வெயில் சூடும் ஒரே நேரத்துல வேண்டாம்னு. ஹீட்டர் இருபத்தஞ்சுக்குக் கீழே போனாத்தான் கிளம்பணும், விசிறி இருபத்தாறரைக்கு மேல போனாத்தான் கிளம்பணும், நடுவுல ரெண்டும் சும்மா இருக்கணும்னு வச்சார். லிஃப்ட்டுக்கு மேலே போன்னும் கீழே வான்னும் ஒரே மூச்சுல சொன்னா அது உதறும்மா, ரெண்டுக்கும் நடுவுல இடம் விடணும், உன் பிள்ளை இடமே விடலைன்னார். மூணு நாள் பார்த்தோம். காலையில பார்த்தாலும் சாயங்காலம் பார்த்தாலும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. அப்பா மறுபடி முன்வாசல் வழியாப் போக ஆரம்பிச்சார். மீனுங்ககிட்டப் பேசறதும் கேட்டுது.

அடுத்த நாள் நீ என்ன பண்ணினே? போனும் பண்ணலை, கேக்கவும் இல்லை. அங்கிருந்தே எல்லாத்தையும் பழையபடி மாத்தி வச்சுட்டே. விளக்கு திரும்ப மத்தியானத்துக்குப் போச்சு, ஹீட்டரும் விசிறியும் திரும்பச் சண்டைக்கு நின்னுச்சு. அக்காவுக்கு மட்டும் ஒரு வரி அனுப்பியிருக்கே, யாரோ செட்டிங்கைக் கலைச்சிருக்காங்க, சரி பண்ணிட்டேன்னு. யாரோவாம். நம்ம வீட்ல யாரோன்னு யார்டா இருக்கா? மத்தியானம் விளக்கு டிக்குன்னு எரிஞ்சதும் அப்பா தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்க்ரூ டிரைவர் டப்பாவை எடுத்துக்கிட்டுச் சமையலறைக்குப் போயிட்டார். அவர் போனப்புறம் எனக்கு அழுகை வந்துடுச்சு, துணி வெள்ளை, கறை படும்னு அடக்கிக்கிட்டேன்.

உனக்கு என்ன கஷ்டம்னு எனக்குத் தெரியாம இல்லை. அங்கே உனக்குன்னு யாரும் இல்லை, அறைக்கு வந்தா ஒரு கட்டில் ஒரு மேஜை, போனைத் திறந்தா இந்தத் தொட்டி தெரியுது, அதுதான் வீடுன்னு நினைச்சுக்கறே. அதை யாராவது தொட்டா உன்னையே தொட்ட மாதிரி துடிக்கறே. ஆனா நீ பார்க்கறது நீ விட்டுட்டுப் போன வீட்டைடா. அதுல பல் ஆஸ்பத்திரி இல்லை, அப்பா இன்னும் வேலையில இருந்து ஓய்வாகலை, இத்தனை துணி கிடையாது. நாங்க இருக்கற வீடு வேற. இதுல வெயில் எந்தப் பக்கமா வருதுன்னு உள்ளே இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். உனக்கு டிகிரி தெரியுது, அந்த டிகிரியைப் பக்கத்துல நின்னு பார்த்துக்கற மனுஷன் தெரியலை.

அதனால நான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன், உன்கிட்டக் கேக்கலை, சொல்றேன். உன் பெட்டியைக் கழட்டப்போறோம். அப்பா மின்சாமான் கடையில இருந்து எத்தனை டிகிரின்னு கையாலயே திருகி வைக்கற சாதாரணப் பெட்டி ஒண்ணு வாங்கி ரொம்ப நாளா அலமாரியில வச்சிருக்கார், உனக்குப் பிடிக்காதோன்னு எடுக்காம இருந்திருக்கார். அதை நான் எடுத்து அவர் முன்னாடி வச்சேன். அவனைக் கேட்டுட்டுன்னு இழுத்தார். அவனுக்கு நான் எழுதிக்கறேன், நீங்க மாட்டுங்கன்னுட்டேன். மாட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் வாளித் தண்ணியில போட்டுச் சோதிச்சுப் பார்க்கணுமாம், இப்ப நான் எழுதிக்கிட்டிருக்கறப்ப குளியலறையில வாளிக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கார், அரை டிகிரி தப்பாக் காட்டுதுன்னு திட்டிக்கிட்டே திருகறார். அவர் யாரையாவது திட்டிக் கேட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா! நாளைக்கு மாட்டிடுவார்.

காலிஃப்ளவரைப் பத்திக் கேப்பே. இடது பக்கம் முழுக்க வெளுத்து எலும்பாப் போச்சு, அது திரும்பாது, உன்கிட்ட மறைச்சு என்ன பண்ண. வலது பக்கம் நாலஞ்சு தலை பகல்ல கொஞ்சம் வெளியே நீட்டுது. மீன் ரெண்டும் சாப்பிடுது. இறாலைப் பின்பக்கம் செடிக்கடியில அப்பாவே புதைச்சுட்டார்.

அப்புறம் உன் உடம்பைப் பார்த்துக்கோ. வீடியோவில உன் கண்ணுக்குக் கீழே கருத்திருக்கு, நான் கேட்டா வெளிச்சம் சரியில்லைங்கறே. போனைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுக்காதே, இனிமே அதுல மணி அடிக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. வெறும் ரொட்டியைத் தின்னுட்டு ஓடாதே, ஒரு முட்டையாவது வேகவச்சுக்கோ. ரெண்டு கம்பளிச் சட்டை தைச்சு அக்காகிட்டக் கொடுத்திருக்கேன், அனுப்புவா, கழுத்து இறுக்கமா இருந்தா சொல்லு. உங்க கம்பெனியில உன்கூட வேலை பார்க்கற அந்தப் பையன், எப்பப் பார்த்தாலும் பாடிக்கிட்டே இருக்கான்னு சொன்னியே, லீவு நாள்ல அவன்கூட எங்கேயாவது வெளியே போய்ட்டு வா. ஒண்டியா அறையிலயே கிடக்காதே.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர நாளாகும். அதுக்குள்ள உன் போன்ல தொட்டி தெரியாமப் போயிருக்கும், நீ பதறிப்போய் இங்கே அடிச்சிருப்பே. எனக்கு அடிச்சிருப்பே, நான் எடுத்திருக்க மாட்டேன், அக்காகிட்டயும் எடுக்காதேன்னு சொல்லி வச்சிருக்கேன். வேற வழியில்லாம வீட்டுப் போனுக்கு அடிச்சிருப்பே, அதை அப்பாதான் எடுத்திருப்பார். அவர்கிட்ட நீ என்ன பேசினியோ, எப்படிப் பேசினியோ, இதை எழுதறப்ப எனக்குத் தெரியாது. நல்லபடியாப் பேசியிருந்தா இதை மடிச்சு உள்ளே வச்சிடு, அம்மாவுக்குக் கோபம் வந்தா இப்படித்தான்னு நினைச்சுக்கோ, ஹீட்டரை அணைச்சது யாருன்னு உனக்குத் தெரியும்ங்கறதை அவர்கிட்டக் காட்டிக்காதே, அவர் ஆசைப்பட்டு உனக்காக மறைச்சது, அது அப்படியே இருக்கட்டும். கத்தியிருந்தா, இதைப் படிச்சு முடிச்சதும் மறுபடி கூப்பிடு. அங்கே என்ன மணியா இருந்தாலும் பரவாயில்லை, அவர் எடுப்பார்.

நீ நல்லா இருக்கணும், நினைச்சதெல்லாம் கைகூடி வரணும், ஒரு குறையும் உன்னை அண்டக்கூடாது. மறக்காம அந்த முட்டை.

கோபமும் பிரியமுமா,
உன் அம்மா